முன்னிலையைக் காக்கும் ஆட்டம்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் முன்னிலை பெற்ற அணி பாஸ் எறிவதைக் கைவிட்டு, பந்தை ஓட்டக்காரரிடம் கொடுத்து நடுவிலேயே முட்டிக்கொண்டிருந்தால் ரசிகர்கள் கொதிக்கிறார்கள். அதைக் கோழைத்தனம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. அந்த வழக்கம் பிறந்த காலத்தில் அது சரியான கணக்குதான். 1906இல் முன்னோக்கி எறியும் பாஸ் அனுமதிக்கப்பட்டபோது, யார் கையிலும் படாமல் அது தரையில் விழுந்தால் பந்தே எதிரணிக்குப் போய்விடும். பந்து நம்மிடம் இருப்பதே ஆபத்து என்ற எண்ணம் பயிற்சியாளர்களிடம் ஊறிப்போனது அப்படித்தான். 1939 நவம்பர் 11 அன்று ஷ்ரீவ்போர்ட்டில், கொட்டும் மழையில் டெக்சஸ் டெக்கும் சென்டனரியும் மோதின. நான்கு வாய்ப்புகள் இருந்தும் பல முறை முதல் வாய்ப்பிலேயே பந்தை எதிரணிப் பக்கம் உதைத்துவிட்டார்கள். வழுக்கும் பந்தை எதிராளி நழுவவிடட்டும் என்று இரு தரப்பும் காத்திருந்தன. ‘பன்ட்’ எனப்படும் இத்தகைய உதைகள் மொத்தம் 77, முடிவு 0-0. அதே ஆண்டு ராபர்ட் நேலண்டின் டென்னசி அணி வழக்கமான பருவத்தின் 10 ஆட்டங்களிலும் ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்கவில்லை. அப்படிப்பட்ட தற்காப்பு கைவசம் இருந்தால், 7 புள்ளி முன்னிலையே வெற்றிக்குப் போதும்.

அந்த உலகம் போய்விட்டது, வழக்கம் மட்டும் தங்கிவிட்டது. 2006இல் நார்த்வெஸ்டர்ன் மூன்றாம் கால்பகுதியில் 38-3 என்று முன்னிலையில் இருந்தும் மிச்சிகன் ஸ்டேட்டிடம் 41-38 என்று தோற்றது. இவ்வளவு புள்ளிகள் குவியும் ஆட்டத்தில் எந்த முன்னிலையும் அரண் ஆகாது. பிடிபடாத பாஸ் கடிகாரத்தை நிறுத்திவிடும், ஓட்டம் நிறுத்தாது என்று மறுப்பார்கள். உண்மைதான். 2023 முதல், ஒவ்வொரு பாதியின் கடைசி இரண்டு நிமிடங்கள் நீங்கலாக, முதல் டவுன், அதாவது புதிதாக நான்கு வாய்ப்புகள், கிடைத்தாலும் கடிகாரம் நிற்பதில்லை என்பதால் அந்த வாதத்துக்கு வலு கூடியும் இருக்கிறது. ஆனால் மூன்று ஓட்டங்கள் தோற்றால் கரைவது ஏறக்குறைய இரண்டு நிமிடம். அதற்குப் பிறகு பந்து எதிரணியிடம். ஒரு பாஸ் முதல் டவுனைப் பெற்றுத் தந்தால் இன்னும் அத்தனை நேரம் கையில் சேரும். அரைமணி ஆட்டம் மிச்சமிருக்கும்போதே ஓடத் தொடங்குகிறவர் நேரத்தைச் சேமிக்கவில்லை, எதிராளிக்கு வாய்ப்புகளைச் சேர்த்துக் கொடுக்கிறார். பின் ஏன் செய்கிறார்கள்? எதிரணி பறித்த பாஸுக்குப் பழி பயிற்சியாளர் தலையில் விழும். பலிக்காத ஓட்டத்துக்கு அவரை யாரும் கேட்பதில்லை. வேலை போகும் அச்சத்தில் இருப்பவரை இதற்காக முழுக்கக் குறைசொல்லவும் முடியாது.

பழக்கம் எச்சரிக்கையின் இடத்தைப் பிடித்துக்கொள்வது இரண்டு ஆட்டங்களில் அப்பட்டமாகத் தெரிந்தது. 2018இல் ஸ்டான்ஃபோர்டுக்கு எதிராக 31-28 என்று முன்னிலையில் இருந்த ஓரிகான், ஒரு நிமிடம்கூட மிச்சமில்லாதபோது ஓட்டம் ஆடியது. பந்து நழுவியது, ஸ்டான்ஃபோர்டு சமன்செய்து கூடுதல் நேரத்தில் 38-31 என்று வென்றது. 2023 அக்டோபரில் ஜார்ஜியா டெக்குக்கு எதிராக மயாமி 20-17 என்று முன்னிலையில் இருந்தது. எதிரணியிடம் டைம் அவுட் ஒன்றுகூட இல்லை. குவார்ட்டர்பேக் பந்தை வாங்கி முழங்காலிட்டிருந்தால் கடிகாரம் ஓடியே ஆட்டம் முடிந்திருக்கும். மயாமி ஓட்டம் ஆடியது, பந்து நழுவியது, ஜார்ஜியா டெக் நான்கே நகர்வுகளில் 74 யார்டு கடந்து, ஒரு வினாடி மிச்சமிருக்கையில் டச்டவுன் அடித்து 23-20 என்று வென்றது. இரண்டு அணிகளுக்கும் அப்போது தலைமைப் பயிற்சியாளர் மரியோ கிறிஸ்டோபால். ஓட்டம்தான் பாதுகாப்பு என்ற பழைய நம்பிக்கை, அதைவிடப் பாதுகாப்பான வழி கண்முன் இருந்தபோதும் அவரை ஓட்டத்தையே தேர்ந்தெடுக்க வைத்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.