ரங்கூனில் ஒரு யாழ்

பிரான்சில், கனடாவில், லண்டனில் எத்தனை யாழினிகள் இருப்பார்கள் என்று எப்போதாவது யோசித்துப் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் வீட்டில் ஒருத்தி. மகளின் தமிழ் வகுப்பில் அவளைத் தவிர இன்னும் இரண்டு பேர். இத்தனை யாழினிகளில் ஒருத்தியாவது யாழைக் கண்ணால் கண்டிருப்பாளா? பெயர் வைத்த தகப்பன்மார் நாங்கள்தான் கண்டோமா?

2016இல் அவளுக்கு எட்டு வயது. பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயரின் கருத்தைச் சொல்லவேண்டும் என்று விட்டார்கள். "அப்பா, யாழ் எப்பிடி இருக்கும்? எத்தினை நரம்பு? இப்ப ஆர் வாசிக்கினம்?" குசினியில் பன்னிரண்டு மணித்தியாலம் நின்றுவிட்டு வந்தவனுக்கு மூன்று கேள்விக்கும் பதில் தெரியாது. ஒரு படத்தை எடுத்துக் கொடுத்துச் சமாளித்தேன். யாழ்ப்பாணம் என்ற ஊர்ப் பெயருக்கே யாழ்ப்பாணன் கதை சொல்கிற இனம் நாங்கள். வெட்கமாகத்தான் இருந்தது.

நான் மட்டக்களப்புப் பக்கம். காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்த அடிகளின் பெயரைக் கேட்டு வளர்ந்தவன். கம்பசில் படித்த இரண்டு வருடத்தில் அவருடைய யாழ் நூலை ஒருமுறை கையில் எடுத்து, கணக்கும் அட்டவணையுமாக இருக்கக் கண்டு திருப்பி வைத்தவன். பிறகு சண்டை, பயணம், குசினி. மகள் கேட்டபிறகுதான் அதைத் தேடி எடுத்து, வேலை முடிந்து வரும் கடைசி மெற்றோவில் கொஞ்சம் கொஞ்சமாக வாசித்தேன்.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையையும் அதன் உரைகளையும் வைத்துக்கொண்டு, கண்ணால் காணாத ஒரு கருவியைக் கணக்கால் திருப்பிக் கட்டப் பார்த்த மனிதர் அவர். பேரியாழுக்கு 21 நரம்பு, சகோட யாழுக்கு 14, செங்கோட்டி யாழுக்கு 7. 1947 ஜூனில் திருக்கொள்ளம்புதூர்க் கோயிலில் நூல் அரங்கேறியது. அடுத்த மாதமே, ஜூலை 19இல், அடிகள் காலமாகிவிட்டார்.

பழைய நூல்களில் யாழை வருணிக்கிற இடங்களைத் தேடிப் படித்தபோது ஒரு சொல்லில் தடக்கி நின்றேன். திவவு. ஆற்றுப்படைகளில் வருகிற சொல். யாழின் வளைந்த கோட்டைச் சுற்றி நரம்பை இழுத்துக் கட்டும் வார்க்கட்டு என்று பொருள் சொல்கிறார்கள். வீணைக்குப் பிரடை உண்டு, கிற்றாருக்குத் திருகு சாவி உண்டு. வாரைச் சுற்றி எப்படிச் சுருதி கூட்டுவது? எனக்கு விளங்கவில்லை. விட்டுவிட்டேன்.

இதற்கிடையில் மகள் கிற்றார் பழகத் தொடங்கினாள். ஒருநாள் ஒரு வீடியோவைக் காட்டினாள். சாதாரணக் கிற்றார்தான், ஆனால் தோளிலிருந்து இன்னொரு கொம்பு முளைத்து, அதில் ஐந்தாறு நீளமான நரம்புகள் தனியாக நின்றன. ஹார்ப் கிற்றார் என்றாள். அந்த நரம்புகளுக்குக் கீழே கட்டைகள் இல்லை, விரல் வைத்து அழுத்த முடியாது. ஒரு நரம்புக்கு ஒரு சுரம்தான். பாட்டின் சுரத்துக்கு ஏற்றபடி முன்கூட்டியே சுருதி கூட்டி வைக்கவேண்டும், தட்டினால் ஆழமாக அதிரும், வேண்டாத இடத்தில் கையால் அமத்தவேண்டும்.

அதன் கதையையும் தேடினோம். ஒரு நரம்பு கீழ்ச்சுரம் பேசவேண்டும் என்றால் நீளமாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் பாரமாக இருக்கவேண்டும். வெறும் குடல் நரம்பைத் தடிப்பாக்கினால் சத்தம் மந்தமாகிவிடும். அதனால்தான் ஐரோப்பாவில் தியோர்போ என்ற கருவிக்கு மிக நீளமான கழுத்து வைத்தார்கள். 1660களில் நரம்பின்மேல் கம்பி சுற்றுகிற வித்தை வந்தது. 19ஆம் நூற்றாண்டுக் கிற்றார்களின் கீழ்நரம்புகள் உள்ளே பட்டு இழை, வெளியே மெல்லிய உலோகக் கம்பி. அந்தத் துணிவில் ஆளாளுக்கு நரம்பு கூட்டினார்கள். வியன்னாவில் மெர்ட்ஸ் பத்து நரம்புக் கிற்றார் வாசித்தார். 1829இல் சலமோன் என்ற பிரெஞ்சுக்காரர் மூன்று கழுத்து வைத்து, ஹார்ப்போலீர் என்று ஒன்று செய்தார். அதற்கு எத்தனை நரம்பு தெரியுமா? 21! எங்கள் பேரியாழின் அதே கணக்கு. பெரிய கிற்றார் மேதை சோர் அதற்கென்று பாட்டுக்கூட எழுதிக் கொடுத்தார், ஆனால் அது நிலைக்கவில்லை. 1900 அளவில் அமெரிக்காவில் கனுட்சனும் வேறு சிலரும் ஹார்ப் கிற்றார் செய்து விற்றார்கள். அதுவும் கொஞ்சக் காலம்தான். செய்தார்கள், தோற்றார்கள், திருப்பிச் செய்தார்கள். கிற்றார் மட்டும் சாகவில்லை.

சரி, ரங்கூனுக்கு வருகிறேன். இப்போது யாங்கோன் என்றாலும் எங்கள் ஆட்களின் வாயில் ரங்கூன்தான். எங்கள் ரெஸ்ரோரண்டில் பாத்திரம் கழுவின தம்பி ஒருவன் அந்த ஊர்த் தமிழன். 1964இல் கடைகளை அரசாங்கம் எடுத்தபோது கப்பலேறாமல் தங்கிவிட்ட குடும்பம். 2019 ஜனவரியில் அவன் தங்கச்சிக்குக் கலியாணம். "அண்ணே, நீங்க வந்தாத்தான் எனக்கு மரியாதை" என்று ஒற்றைக்காலில் நின்றான். போனேன். அனோரத்தா வீதியில் 1871இல் எங்கள் சனம் கட்டிய காளி கோயிலைப் பார்த்து, வீதியோரத்தில் தோசை தின்று, எங்கள் ஊருக்கே வந்துவிட்டதுபோல இருந்தது.

கலியாணம் முடிந்த மறுநாள், பக்கத்து மாடியில் ஒரு பெரியவர் "சவுங்" பழக்குகிறார், வாங்க பார்ப்போம் என்று தம்பி கூட்டிக்கொண்டு போனான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன். தோணி மாதிரிக் குடம். மேலே சிவப்புப் பூசிய மான் தோல், அதில் சின்னச் சின்னத் துளைகள். முனையிலிருந்து வில்லுப்போல வளைந்து எழும்புகிற கோடு. குடத்திலிருந்து கோட்டுக்குச் சரிவாக நரம்புகள். புத்தகத்தில் படித்த பத்தரும் போர்வையும் கோடும் ஒன்றும் குறையாமல் பாயில் இருந்தன.

பெரியவர் அன்றைக்கு நரம்பு மாற்றிக்கொண்டிருந்தார். நரம்பின் ஒரு நுனியைத் தோலின் நடுவே ஓடும் கட்டையில் முடிந்தார். மறு நுனியைக் கோட்டில் சுற்றியிருந்த சிவப்பு நூல் கயிற்றில் கட்டினார். கயிற்றின் குஞ்சம் கீழே தொங்கியது. பிறகு அந்தக் கயிற்றுச் சுற்றை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கி, கோட்டின்மேல் கொஞ்சம் தள்ளினார். நரம்பு ஏறியது. தட்டிப் பார்த்தார், இன்னும் கொஞ்சம் முறுக்கினார்.

திவவு! இரண்டு வருடமாக விளங்காத சொல், ஒரு வார்த்தை தமிழ் தெரியாத கிழவரின் கையில் விளங்கிவிட்டது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. தம்பி மொழிபெயர்க்க, எங்களிடமும் இது இருந்தது, ஆயிரம் வருடத்துக்கு முன்னர் போய்விட்டது என்றேன். அவருக்கு வியப்பில்லை. இந்தியாவிலிருந்து வந்தது என்பதுதான் எங்களுக்கும் தெரியுமே என்றார். உண்மைதான். பியூ மக்களின் ஸ்ரீக்ஷேத்திரத்தில் 7ஆம் நூற்றாண்டுச் சிற்பத்திலேயே இந்த வில் யாழ் இருக்கிறது. அமராவதிச் சிற்பங்களிலும் சமுத்திரகுப்தனின் நாணயத்திலும் இருப்பது இதன் உறவுதான்.

எத்தனை நரம்பு என்று கேட்டேன். மகள் கேட்ட அதே கேள்வி. "எந்தக் காலத்தில்?" என்று திருப்பிக் கேட்டார்.

கொன்பாங் அரசர் காலத்தில் ஏழாக இருந்தது. 1767இல் பர்மியப் படை அயுத்தியாவை அழித்து, சயாம் நாட்டுக் கலைஞர்களைச் சிறைபிடித்துக் கொண்டுவந்தது. அவர்களின் பாட்டும் கூத்தும் அரண்மனைக்குள் நுழைந்தன. மியாவதி மிஞ்சி ஊ சா என்ற அமைச்சர் அந்தச் சயாம் மெட்டுகளைச் சவுங்குக்கு ஏற்றார். ஏழு நரம்பைப் பதின்மூன்றாக்கியவரும் அதே ஊ சாதான். இரண்டும் தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. அகதியாக வந்த பாட்டுக்கு இடம்விடக் கருவி தன்னை நீட்டிக்கொண்டது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். பதினாலாவது நரம்பைக் கட்டியவர் கடைசி அரசவைக் கலைஞர் மௌங் மௌங் ஜி. 1885இல் வெள்ளைக்காரன் தீபோ மன்னனைப் பிடித்து ரத்னகிரிக்கு அனுப்பிய பிறகும் யாழ் நிற்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் பா தான் என்ற வித்துவான் பதினாறாக்கினார், எல்லாப் பண்ணும் வாசிக்க வசதியாக. முன்னர் பட்டு நரம்பு, இப்போது பெரும்பாலும் நைலோன். சிலர் சிவப்புக் கயிற்றை எடுத்துவிட்டுக் கிற்றார்ச் சாவியையே பூட்டுகிறார்களாம். பெரியவருக்கு அது பிடிக்காது. ஆனால் "அதுவும் சவுங்தான்" என்றார்.

பிறகு வாசித்துக் காட்டினார். குடம் மடியில், கோடு இடப்பக்கம். வலக்கைப் பெருவிரலும் சுட்டுவிரலும் நரம்பைத் தெறிக்க, இடக்கை வேண்டாத நரம்பை அமத்தியது. இடையிடையே இடக்கைப் பெருவிரல் நகத்தால் நரம்பை அழுத்திச் சுரத்தை மேலே ஏற்றினார்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு கேள்வி வந்தது. யாழில் ஒரு நரம்புக்கு ஒரு சுரம், கமகம் வராது, அதனால் வீணையிடம் தோற்றது என்றுதான் நாங்கள் வழக்கமாகச் சொல்கிறோம். ஆனால் இதுவும் ஒரு நரம்புக்கு ஒரு சுரம்தானே? இது எப்படி உயிரோடு இருக்கிறது?

பெரியபுராணக் கதை நினைவுக்கு வந்தது. சம்பந்தர் பாடப் பாடத் திருநீலகண்ட யாழ்ப்பாணர் கூடவே வாசித்து வந்தார். தருமபுரத்தில் சம்பந்தர் பாடிய பதிகம் யாழில் அடங்கவில்லை. பாணர் மனம் நொந்து யாழை உடைக்கப் போனார். சம்பந்தர் தடுத்து, யாழில் வருகிற அளவுக்கு வாசியுங்கள் என்றார். யாழ்மூரி என்ற பெயர் அப்படித்தான் வந்தது. சின்ன வயதில் பக்திக் கதையாகக் கேட்டது. பரிசுக்குத் திரும்பி மகளுக்குச் சொன்னபோது அவள் கேட்டாள்: "அவர் ஏன் இன்னொரு நரம்பு கட்டிப் பாக்கேல்ல?"

என்னிடம் பதில் இல்லை. என்னைக் கேட்டால், குறை நரம்பில் இல்லை. பாணரை நாங்கள் வைத்திருந்த இடத்தில் இருக்கிறது. சங்ககாலத்தில் அரசனோடு பேசியவனைப் பிறகு வாசலுக்கு வெளியே நிறுத்தினோம். பரிசு கொடுக்கவும் ஆளில்லாமல், பழக வாரிசும் இல்லாமல் போனால் யார் புது நரம்பு கட்டுவது? பிறகு பெயரை மட்டும் பிள்ளைகளுக்கு வைக்கிறோம்.

இப்போது சென்னையில் தருண் சேகர் என்ற இளைஞர் யாழ் செய்து வாசிக்கிறார். இலக்கணம் பார்த்துக் குறை சொல்கிறவர்களும் இருப்பார்கள். செய்யட்டும், பிழைக்கட்டும், திருப்பிச் செய்யட்டும் என்பேன்.

அன்றைக்குச் சந்தையில் சின்னச் சவுங் ஒன்று வாங்கி வந்தேன். பெரியவர் பார்த்துச் சிரித்து, இது அலுமாரியில் வைக்கிறது என்றார். சொன்னபடியே ஐந்து வருடம் சுவரில் தொங்கியது. 2021 பெப்ரவரியில் அங்கே இராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு பல மாதம் அந்த வீட்டோடு தொடர்பில்லை. பிறகு தம்பி விசாரித்துச் சொன்னான்: பழகுகிற பிள்ளைகளில் பாதிப்பேர் நாட்டை விட்டுப் போய்விட்டார்கள், பெரியவர் மிச்சப்பேருக்குப் பழக்குகிறார்.

அதைக் கேட்ட கிழமை மகள் சுவரிலிருந்து சவுங்கை இறக்கினாள். சூட்டுக் கருவியின் காய்ந்த காற்றில் தோல் இறுகி, நரம்பெல்லாம் தொய்ந்து கிடந்தது. பழைய கிற்றார் நரம்புகளை எடுத்தாள். மேல்நரம்புக்கு நைலோன், கீழே கம்பி சுற்றியவை. சிவப்புக் கயிற்றை முறுக்கி முறுக்கிக் கை சிவந்துபோனாள். இறுக்கிய நரம்பு இப்போதும் ஒரு மணித்தியாலத்தில் நழுவிவிடுகிறது. வீடியோ எடுத்து ரங்கூனுக்கு அனுப்பினோம். பெரியவரிடமிருந்து பதில் வர இரண்டு நாள் சென்றது. தம்பி வாசித்துச் சொன்னான்:

"கீழ்நரம்பு பரவாயில்லை. முடிச்சு பிழை. திருப்பிக் கட்டச் சொல்லுங்க."

கட்டிக்கொண்டிருக்கிறாள்.