கல்லேரியின் இரு உடன்பிறப்புகள்

வானூர், திண்டிவனம் வட்டாரத்துச் சிற்றூர் ஆலயங்களில் வளர்ந்தவர்களுக்குச் சில காட்சிகள் என்றும் மறக்க இயலாதவை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைவதும், தரையில் அமர்ந்து பூசை காண்பதும், மாதா சுரூபத்தின் பாதங்களைத் தொட்ட விரல்களைக் கண்களில் ஒற்றிக்கொள்வதும் நம் பாட்டிமார் நமக்கு விட்டுச்சென்ற பழக்கங்கள். எந்தக் குருவானவரும் இவற்றை நமக்குக் கற்பிக்கவில்லை. எந்த நூலிலும் நாம் இவற்றைப் படித்ததில்லை.

இத்தகைய பழக்கங்களைத் திருவழிபாட்டின் பகுதிகளாக ஏற்றுக்கொள்ளலாம் என்று உரோமை எழுத்து வடிவில் இசைவு தந்த ஆண்டு 1969. அந்த இசைவைக் கேட்டுப் பெற்ற முயற்சியின் முன்னணியில் நின்றவர்கள் ஒரே வீட்டில் பிறந்த அண்ணனும் தம்பியும் ஆவர். அண்ணன் கர்தினால் து. சை. லூர்துசாமி, தம்பி அருட்தந்தை து. சை. அமலோற்பவதாஸ். இன்றைய புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்திற்கு உட்பட்ட கல்லேரி என்னும் சிற்றூரே இருவருக்கும் பிறந்த ஊர். இவர்களது வாழ்க்கையைச் சேர்த்துப் படிப்பவர்க்கு, இருபதாம் நூற்றாண்டில் திருச்சபை கண்ட பெரும் மாற்றம் ஒரு குடும்பத்தின் கதையாகவே தோன்றும்.

அந்தக் கதைக்கு ஒரு முன்கதை உண்டு. இத்தாலி நாட்டிலிருந்து வந்த இராபர்ட் தெ நொபிலி 1606ஆம் ஆண்டு மதுரையை அடைந்தார். இந்நாட்டு மொழியையும் உடையையும் உணவு முறையையும் ஏற்று நற்செய்தி அறிவித்தார். அவர் வகுத்த வழி நன்றா, தீதா என்னும் வழக்கு நூறாண்டுக்கும் மேலாக நீடித்தது. அதே இத்தாலியின் தூரின் நகரத்தவரான தூர்னோன் என்பவர், திருத்தந்தையின் தூதராகச் சீன நாட்டுக்குச் செல்லும் வழியில் 1703 நவம்பரில் புதுச்சேரியில் வந்திறங்கினார். நம் மக்களிடையே பணிபுரிந்த குருக்கள் அனுமதித்துவந்த பல வழக்கங்களைத் தடைசெய்து, 1704 ஜூன் 23 தேதியிட்ட ஆணை ஒன்றைப் புதுச்சேரியிலேயே பிறப்பித்தார்.

அந்த ஆணைக்கு மற்றொரு முகமும் இருந்தது. நோயுற்ற பறையர் குலக் கிறிஸ்தவர்களின் வீடுகளுக்குக் குருக்கள் சென்று அருட்சாதனங்களை வழங்க வேண்டும் என்று அது கட்டளையிட்டது. நம் பண்பாட்டை அறியாமல் தடைகளை விதித்த அதே கை, நம் பண்பாட்டின் பெருங்குறை ஒன்றையும் சுட்டிக்காட்டியது. இதை வாசகர் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் இதற்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

1744இல் திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர் இந்த வழக்கை முடித்துவைத்தார். அதன் பிறகு இங்கு வந்த மறைபரப்பாளர்கள் இந்நாட்டு வழக்கங்களைப் பற்றிய உரோமையின் விதிகளைக் கடைப்பிடிப்பதாக ஆணையிட வேண்டியிருந்தது. 1940இல்தான் உரோமையின் மறைபரப்புப் பேராயம் அந்த ஆணைமொழியை நீக்கியது. அப்போது கல்லேரியின் லூர்துசாமிக்கு வயது பதினாறு, தம்பிக்கு ஏழு.

லூர்துசாமி 1924 பிப்ரவரி 5 அன்று பிறந்தார். அமலோற்பவதாஸ் பிறந்தது 1932 ஜூன் 15 அன்று. இருவர் பெயர்களும் நம் பகுதி மக்களின் மரியன்னை பக்தியை நினைவூட்டுகின்றன. வானூரிலிருந்து வில்லியனூருக்கு நடந்து செல்வோர் லூர்து அன்னையைத் தேடிச் செல்கின்றனர். புதுவைப் பேராலயமாகிய சம்பா கோவில் அமலோற்பவ அன்னைக்கு அர்ப்பணிக்கப்பட்டது. 1858இல் லூர்து நகரில் காட்சி தந்த அன்னை தம்மை அமல உற்பவம் என்றே அறிமுகம் செய்தார் என்பதால், இரு பெயர்களும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை என்றும் சொல்லலாம்.

அண்ணன் 1951 டிசம்பர் 21 அன்று குருவானார். உரோமையில் திருச்சபைச் சட்டம் பயின்று முனைவர் பட்டம் பெற்றார். புதுவையிலிருந்து வெளிவந்த 'சர்வவியாபி' இதழின் ஆசிரியராகவும் பணியாற்றினார். 1962இல் பெங்களூர் உயர்மறைமாவட்டத்தின் துணை ஆயராக நியமனம் பெற்று, ஆகஸ்ட் 22 அன்று ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அதே ஆண்டு அக்டோபர் 11 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் தொடங்கியது. ஆயரான இரண்டே மாதங்களில், உலக ஆயர்களோடு அமர்ந்து திருச்சபையின் எதிர்காலத்தைச் சிந்திக்கும் வாய்ப்பு முப்பத்தெட்டு வயது இளைஞர் ஒருவருக்குக் கிட்டியது.

தம்பி 1959இல் குருவானார். அவர் மேற்படிப்புக்குச் சென்றது பாரிஸ் நகரின் கத்தோலிக்கக் கல்விக்கூடத்திற்கு. மறைக்கல்வியும் இறையியலும் புதிய மலர்ச்சி கண்டிருந்த இடம் அது. அண்ணன் கற்றது சட்டம். தம்பி கற்றது மக்களின் மனத்தில் நற்செய்தி எவ்வாறு வேர்கொள்கிறது என்னும் கலை. பின்னாளில் இருவர் பாதைகளும் வேறுபட்டதற்கு இப்பயிற்சியும் ஒரு காரணமாகலாம்.

1963 டிசம்பர் 4 அன்று சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, அந்தந்த மக்களின் பண்பாட்டுக்கு ஏற்ப வழிபாட்டைத் தகவமைக்கக் கதவைத் திறந்தது. இந்தியாவில் அக்கதவின் வழியே முதலில் நடந்தவர்களுள் இவ்விருவரும் அடங்குவர். 1967இல் ஆயர் பேரவையின் சார்பில் பெங்களூரில் தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு மையத்தை அமலோற்பவதாஸ் நிறுவினார். 1968 ஜனவரியில் லூர்துசாமி அதே நகரின் பேராயரானார். ஆயர் பேரவையின் திருவழிபாட்டுப் பணிக்குழுவுக்கும் அவரே தலைவர். அண்ணன் பணிக்குழுவை நடத்த, தம்பி மையத்தில் உழைத்தார்.

அவர்களது உழைப்பின் பயனாக 1969 ஏப்ரல் 25 அன்று உரோமையிலிருந்து பன்னிரு தகவமைப்புகளுக்கு இசைவு வந்தது. தரையில் அமர்தல், காலணி அகற்றுதல், முத்தமிடுவதற்குப் பதிலாகத் தொட்டுக் கண்களிலோ நெற்றியிலோ ஒற்றுதல், கைகூப்பிச் சமாதானம் வாழ்த்துதல், பஞ்சாங்கப் பிரணாமம் செய்தல், மெழுகுவர்த்திக்குப் பதில் எண்ணெய் விளக்கு, தூபக் கலசத்திற்குப் பதில் எளிய தூபக் கிண்ணம், குருவுக்கு அங்கவஸ்திரம், மலராலும் தூபத்தாலும் ஒளியாலும் ஆரத்தி ஆகியன அவற்றுள் அடங்கும். 265 ஆண்டுகளுக்கு முன் புதுச்சேரியில் தொடங்கிய தடையின் நிழலைப் புதுவை மண்ணின் மைந்தர் இருவரே விலக்கினர் என்பது வரலாறு நமக்களித்த ஆறுதல்.

எதிர்ப்பு எழாமல் இல்லை. இது நம்மை மீண்டும் இந்து சமயத்திற்குள் இழுக்கும் முயற்சி என்று பொதுநிலையினர் பலர் கொதித்தனர். இலத்தீன் பூசையையும் மெழுகுவர்த்தியையும் தங்கள் கிறிஸ்தவ அடையாளமாகக் கருதி வாழ்ந்தவர்களின் அச்சத்தை நாம் எள்ளி நகையாடலாகாது. தந்தையர் பெரும் விலை கொடுத்துப் பெற்ற விசுவாசம் கரைந்துபோகுமோ என்ற கவலை அது.

1971இல் உடன்பிறப்புகளின் பாதைகள் பிரிந்தன. லூர்துசாமி மறைபரப்புப் பேராயத்தில் பணியாற்ற உரோமைக்கு அழைக்கப்பட்டார். 1973இல் அதன் செயலரானார். 1622இல் நிறுவப்பட்டு, மலபார் வழக்கங்களைப் பற்றிய ஆணைமொழியை 1940இல் நீக்கிய அதே பேராயத்தில், கல்லேரியின் மைந்தர் இரண்டாம் இடத்தில் அமர்ந்தார்.

அவர் சென்று வாழ்ந்த இத்தாலியும் பழைய இத்தாலியாக இல்லை. மணமுறிவை அனுமதிக்கும் சட்டம் 1970 டிசம்பரில் அங்கு நிறைவேறியிருந்தது. அதை நீக்க வேண்டி 1974 மே மாதத்தில் பொதுவாக்கெடுப்பு நடந்தபோது, ஏறத்தாழ 59 விழுக்காட்டினர் சட்டம் நீடிக்கட்டும் என்றனர். 1978 மே 9 அன்று, கடத்தப்பட்டிருந்த முன்னாள் பிரதமர் ஆல்தோ மோரோவின் உடல் உரோமை நகரின் நடுவே கண்டெடுக்கப்பட்டது. அதே ஆண்டின் பிற்பாதியில் திருத்தந்தையர் இருவர் இறந்து, மூன்றாமவர் பொறுப்பேற்றார். 1984இல் வத்திக்கானும் இத்தாலியும் செய்துகொண்ட புதிய உடன்படிக்கைக்குப் பின், கத்தோலிக்க மறை அந்நாட்டின் அரசு மதமாக நீடிக்கவில்லை. நொபிலியையும் பெஸ்கியையும் நமக்கு அனுப்பிய நாடு தன் பழைய கிறிஸ்தவக் கோலத்தைக் களைந்துகொண்டிருந்த ஆண்டுகளில், தமிழ்ச் சிற்றூரில் பிறந்த ஒருவர் அங்கிருந்து உலகின் மறைபரப்புப் பணிகளைக் கவனித்துவந்தார்.

1974 இலையுதிர் காலத்தில் உடன்பிறப்புகள் இருவரின் பணியும் உரோமையில் ஒன்றையொன்று நெருங்கியது. நற்செய்தி அறிவிப்பைப் பற்றிச் சிந்திக்கக் கூடிய ஆயர் மாமன்றத்தின் சிறப்புச் செயலர் இருவருள் ஒருவராக அமலோற்பவதாஸ் நியமிக்கப்பட்டிருந்தார். மற்றவர் தொமேனிக்கோ கிராஸ்ஸோ என்னும் இத்தாலிய இறையியலார். தலத் திருச்சபைகளின் அனுபவத்திலிருந்து தொடங்க விரும்பியவர் நம்மவர். கோட்பாட்டிலிருந்து தொடங்கியவர் இத்தாலியர். இருவர் பார்வையும் ஓர் அறிக்கையில் இணையவில்லை. முன்வைக்கப்பட்ட வரைவை மாமன்றம் ஏற்கவில்லை. கருத்துகள் யாவும் திருத்தந்தை ஆறாம் பவுலிடம் ஒப்படைக்கப்பட்டன. மறு ஆண்டு டிசம்பர் 8 அன்று அவர் வெளியிட்ட திருமடலில் நற்செய்தியும் பண்பாடும் குறித்த சிந்தனை சிறப்பிடம் பெற்றது. அந்நாள் அமலோற்பவ அன்னையின் திருநாள்.

அதே 1975இல் தம்பியின் முயற்சிகளுக்கு உரோமையிலிருந்தே தடையும் வந்தது. இந்திய முறையில் அமைந்த நற்கருணை மன்றாட்டையும், திருப்பலியில் பிற சமய மறைநூல்களிலிருந்து வாசிப்பதையும் நிறுத்துமாறு திருவழிபாட்டுக்குரிய பேராயம் எழுதியது. அண்ணன் பணிபுரிந்தது வேறொரு பேராயத்தில். ஆயினும் அதே நகரில். தம்பி அந்தத் தடைக்குப் பின்னும் திருச்சபையை விட்டு விலகவில்லை. தம் தேடலையும் கைவிடவில்லை. 1982 வரை மையத்தை வழிநடத்தினார். பின் மைசூரில் அஞ்சலி ஆசிரமத்தில் வாழ்ந்தார். மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தவ இயலுக்கு ஓர் இடம் உருவாக உழைத்து, அங்கே பேராசிரியராகவும் விளங்கினார்.

1985 மே 25 அன்று லூர்துசாமி கர்தினாலாக உயர்த்தப்பட்டார். அதே ஆண்டு அக்டோபரில் கீழைத் திருச்சபைகளுக்கான பேராயத்தின் தலைவரானார். உரோமைப் பேராயம் ஒன்றுக்குத் தலைமையேற்ற முதல் இந்தியர் அவர். சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, 1990 மே 25 அன்று, அமலோற்பவதாஸ் சாலை விபத்தில் உயிர்நீத்தார். வயது 58 நிறையவில்லை. எட்டு வயது மூத்தவர் அதன்பின் இருபத்து நான்கு ஆண்டுகள் வாழ்ந்து, 2014 ஜூன் 2 அன்று உரோமையில் காலமானார்.

இவ்விருவருள் யார் பெரியவர் என்று கேட்பது வீண். மையத்தில் இருந்தவர் இன்றி எல்லையில் இருந்தவரின் கனவுக்குச் சட்ட வடிவம் கிடைத்திராது. எல்லையில் இருந்தவரின் துணிவு இன்றிச் சட்டத்திற்குப் பொருள் கிடைத்திராது. நேர்மையாகக் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அவர்கள் திருவழிபாட்டுக்குள் கொண்டுவந்த பண்பாடு யாருடையது?

பஞ்சாங்கப் பிரணாமம், அங்கவஸ்திரம், ஆரத்தி, ஆசிரமம் என்னும் சொற்களைப் பாருங்கள். பெரும்பாலும் வடமொழி மரபின் சொற்கள்; கோயில் கருவறை வரை செல்ல இயன்றவர்களின் சடங்குகள். நம் சேரிகளின் பறையும், வயல்களின் பாட்டும் அன்றைய பட்டியலில் இடம்பெறவில்லை. தலித் இறையியலார் பின்னாளில் எழுப்பிய இக்கேள்வி நியாயமானதே. இன்று தமிழகத்தின் பல ஆலயங்களில் பறை ஒலிக்கிறது என்றால், கல்லேரி உடன்பிறப்புகள் திறந்த கதவின் வழியாக அவர்கள் எதிர்பாராதவர்களும் நுழைந்தார்கள் என்றே கொள்ள வேண்டும்.

ஆனால் ஒலி நுழைந்த இடத்தில் மனிதர் நுழைந்துவிட்டனரா? தூர்னோனின் ஆணை 1704இலேயே கேட்டது அதைத்தான். நம் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில் 2008 மார்ச் மாதம் கிறிஸ்தவர்களிடையே சாதி மோதல் மூண்டது. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். இரு தரப்பினரும் அதே விசுவாசப் பிரமாணத்தைச் சொன்னவர்கள். அதே அப்பத்தை உண்டவர்கள். மெழுகுவர்த்தியா குத்துவிளக்கா என்று வாதிட்ட நாம், கல்லறைத் தோட்டத்தின் குறுக்குச் சுவரைப் பற்றி அதே ஆர்வத்தோடு வாதிட்டதுண்டா?

ஒவ்வொரு திருப்பலியின் தொடக்கத்திலும் குரு நம்மை நோக்கிச் சகோதர சகோதரிகளே என்று அழைக்கிறார். கல்லேரியின் இரு சகோதரர்களும் வெவ்வேறு நகரங்களில், வெவ்வேறு பொறுப்புகளில் வாழ்ந்தும் ஒரே திருச்சபைக்காக உழைத்தார்கள். ஒரே ஊரில், ஒரே கூரையின் கீழ்த் தரையில் அமரும் நாம் அருகில் இருப்பவரை அவ்வாறு அழைக்கிறோமா? அடுத்த ஞாயிறு ஆலயத்தில் அமரும்போது, நம் பக்கத்தில் யார் அமர்ந்திருக்கிறார், யார் இன்னும் தள்ளியே அமர்கிறார் என்று ஒருமுறை திரும்பிப் பார்ப்போம்.