பாய்க்கப்பல்களின் ஓய்வுப் பருவம்
(வல்வெட்டித்துறைக் கப்பற்றொழில் வரலாற்றில் ஒரு கூறு)

கடலோடிகளின் வரலாறு பெரும்பாலும் பயணங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எத்துறையிலிருந்து எத்துறைக்குச் சென்றனர், எப்பண்டங்களைக் கொண்டு சென்றனர், எத்தகைய புயல்களை வென்றனர் என்பனவே நூல்களிற் பேசப்படுகின்றன. ஆயின், பாய்க்கப்பல் ஒன்றின் வாழ்நாளில் ஒரு கணிசமான பகுதி கரையிலே கழிவது என்பதும், அக்கரைவாழ்க்கையே அதன் கடல்வாழ்க்கையை நிருணயிப்பது என்பதும் எளிதில் மறக்கப்படும் உண்மைகளாகும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலுள்ள வல்வெட்டித்துறையின் கப்பற்றொழிலை இவ்வகையில் நோக்குமிடத்து, அதன் உயர்வுக்கும் வீழ்ச்சிக்கும் உரிய காரணங்கள் புதியதோர் ஒளியில் தெரியவருகின்றன.

வல்வெட்டித்துறை, பருத்தித்துறைக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில், பாக்கு நீரிணையை நோக்கி அமைந்த திறந்த துறையாகும். அதற்கு வடமேற்கே ஏறத்தாழ நாற்பது மைல் தொலைவிற் சோழநாட்டுக் கோடியக்கரை உளது. இக்கடற்பரப்பை இரு பெருங்காற்றுக்கள் ஆண்டுதோறும் மாறிமாறி ஆளுகின்றன. வைகாசி முதற் புரட்டாதி வரை வீசும் தென்மேற்குக் காற்றைச் சோழகம் என்பர். ஐப்பசி முதல் மாசி வரை வீசும் வடகீழ்க் காற்றை வாடை என்பர். வடமேற்கு நோக்கிச் செல்லும் கலத்திற்குச் சோழகம் இடப்புறத்தும், வாடை வலப்புறத்தும் பக்கக்காற்றாக அமைகின்றன. ஆதலின், கோடியக்கரைக்குச் செல்லவும் அங்கிருந்து மீளவும் இரு காற்றுக்களும் ஒருங்கே உதவின. பர்மாவின் அக்கியாப், இரங்கூன் முதலிய தொலைத்துறைகளுக்குச் செல்வோர்க்கோ சோழகம் செலவுக்கும், சீற்றந்தணிந்த வாடை மீட்சிக்கும் துணையாயின. நெல்லும் அரிசியும் தேக்கும் ஓடும் இறக்குமதியாக, புகையிலையும் பனைபடு பொருள்களும் ஏற்றுமதியாகிய வாணிகம் இக்காற்றுக்களின் முறைமாற்றத்தின்மீதே நிலைபெற்றிருந்தது.

எனினும், ஆண்டில் இரண்டு மாதங்களைக் கடலோடிகள் கடலுக்கு உரியனவாகக் கொண்டிலர். அவை ஐப்பசியும் கார்த்திகையுமாம். வங்காள விரிகுடாவிற் சூறாவளிகள் மிகுதியாகத் தோன்றி மேற்கு நோக்கி வரும் காலம் அது. கிழக்கிந்தியக் கம்பனியார் காலத்தில், துறைமுகம் அற்ற திறந்த கரையாகிய சென்னையில் ஒக்டோபர் 15 தொடக்கம் டிசம்பர் 15 வரை கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்றல் ஆகாது என்பது வழக்காயிருந்தது. பிரித்தானியப் போர்க்கப்பல்களும் அக்காலத்தில் அக்கரையை நீங்கித் திருகோணமலைக்கோ பம்பாய்க்கோ செல்வது முறையாயிருந்தது. இந்நாட்களைத் தமிழ் மாதங்களோடு ஒப்பிட்டு நோக்கின், அவை ஏறக்குறைய ஐப்பசி முதல் நாளுக்கும் கார்த்திகை இறுதி நாளுக்கும் இடைப்பட்ட காலமே என்பது புலனாகும். ஐரோப்பியர் தம் ஏட்டில் எழுதிய வரையறையும் இக்கரையோர் தம் பஞ்சாங்கத்திற் கொண்ட வரையறையும் ஒன்றேயாகும். காற்று இட்ட கட்டளைக்கு இரு சாராரும் ஒருங்கே பணிந்தனர் என்பதே இதன் பொருள். அக்கட்டளையும் முற்றாக நம்பத்தக்கதன்று. 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22, 23ஆம் நாட்களில், கார்த்திகை கழிந்து மார்கழி பிறந்த பின்னரே, இலங்கையின் வடபகுதியைத் தாக்கித் தனுஷ்கோடியை அழித்த பெரும்புயல் வீசியது.

கலங்களுக்குப் புகலிடம் தேடும் தேவை இக்கரைக்குப் புதியதன்று. நயினாதீவிலுள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பிறநாட்டார் ஊராத்துறையில் வந்திறங்குதல் வேண்டும் என்றும், யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் கெட்டழியின் நாலில் ஒரு கூறு அரச பண்டாரத்திற்கும் எஞ்சியது உடையவனுக்கும் உரியது என்றும், சரக்குக் கொண்டுவரும் மரக்கலம் கெடின் செம்பாதி பண்டாரத்திற்கு உரியது என்றும் அது விதிக்கின்றது. மரக்கலம் உடைதல் அரசன் விதிவகுக்கத்தக்க அளவு நிகழ்ந்த செய்தி என்பது இதனாற் பெறப்படும். ஊராத்துறையே இற்றை ஊர்காவற்றுறை. தீவுகளுக்கிடையே ஒதுங்கிய அத்துறை இருபருவக் காற்றிலும் காப்புடையது. வாடையை நேர்முகமாக ஏற்கும் வல்வெட்டித்துறைக்கு அத்தகைய இயற்கைக் காப்பு இல்லை. ஆதலின் அங்குள்ளோர் தம் கலங்களை ஒதுக்குத்துறைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும்; அன்றேற் கரைமேல் ஏற்றுதல் வேண்டும்.

கரைமேல் ஏற்றுவதற்கு ஏற்ற வடிவமும் இக்கரைக் கலங்களுக்கு இருந்தது. திருகோணமலையில் அரச கப்பற்கட்டுத் தலைவராயிருந்த ஜோன் ஈடி என்பார், இந்திய இலங்கைக் கரைகளின் கலங்களைப் பற்றி எழுதிய விரிவான கட்டுரை 1834ஆம் ஆண்டில் வெளிவந்தது. சோழமண்டலக் கரையிலும் யாழ்ப்பாணத்திலும் வழங்கிய தோணியை அவர் அதில் விவரிக்கின்றார். அது ஏறத்தாழ 70 அடி நீளமும் 20 அடி அகலமும் உடையது, அடி தட்டையானது. அழகு கருதும் ஐரோப்பியக் கண்ணுக்கு அது பேழைபோல் தோன்றியது. ஆனால் அத்தட்டையடி ஆழமற்ற பாக்குக் கடலில் தரைதட்டாது மிதப்பதற்கும், மணலில் இருத்தியபோது சாயாது நிற்பதற்கும் உதவியது. ஐரோப்பியத் துறைகள் பலவற்றில் வற்று வெள்ளம் பல அடி இறங்குதலின், கலத்தை நீர்வற்றும் இடத்தில் நிறுத்தி அடிப்பாகத்தைப் பழுதுபார்த்தல் எளிது. யாழ்ப்பாணக் கரையில் ஏற்றவற்றத்தின் வேறுபாடு இரண்டடி அளவினதே. ஆகவே, இங்கு கடல் செய்யாத வேலையை மனிதத் தோள்களே செய்யவேண்டியிருந்தன. உருளைமரங்களும் வடங்களும் கொண்டு ஒரு கலத்தைக் கரையேற்றுதல் ஊரார் பலர் ஒருங்கு கூடினாலன்றி ஆகாத செயல். ஓய்வுப் பருவத்தின் முதல் வேலையே ஊர் ஒற்றுமையை வேண்டி நின்றது.

கரையேறிய கலத்திற்கு முதற்பகை கடற்புழுவாகும். வெப்பக் கடல்களில் இது மரத்தைத் துளைத்து உட்புகுந்து, வெளியே சிறு துளையன்றி வேறு அடையாளம் தோன்றாதவாறு உள்ளே தின்றுவிடும். நீருக்கு வெளியே கலத்தை நெடுநாள் உலரவைத்தல் இதற்குச் சிறந்த மாற்று. பாசியையும் ஒட்டிய சிப்பிகளையும் சுரண்டிய பின், பலகை இடுக்குகளிற் பழைய அடைப்பைக் களைந்து புதிய பஞ்சும் கயிற்றுநாரும் அடித்து இறுக்குவர். இதுவே கலப்பற்று எனப்படும். அதன்மேற் சுண்ணாம்பும் எண்ணெயும் குழைத்துப் பூசுவர். கடற்கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுக்கும் தொழில் குடாநாட்டில் வேரூன்றியிருந்தமையால் இப்பூச்சுக்குரிய பொருள் அயலிலேயே கிடைத்தது. இம்முறை இந்துமாக்கடல் முழுவதற்கும் பொதுவானது. 13ஆம் நூற்றாண்டிற் பயணஞ்செய்த மார்க்கோ போலோ, ஓர்முசுத் துறையிற் கயிற்றால் தைத்த கலங்களுக்கு மீனெண்ணெய் பூசப்பட்டமையையும், சீனக் கலங்களுக்குச் சுண்ணாம்பும் நறுக்கிய சணலும் மரநெய்யும் சேர்த்துப் பூசப்பட்டமையையும் குறிப்பிடுகின்றார். சீனர் செப்பஞ்செய்யுந்தோறும் பழைய பலகைமேற் புதிய பலகையடுக்கு ஒன்றை அறைந்து, ஆறடுக்கு வரை செல்வர் என்றும் அவர் கூறுவர். கலத்தைக் காத்தல் என்பது அதனை ஆண்டுதோறும் ஓரளவு மீளக் கட்டுதலே என்பதற்கு இது தக்க சான்றாகும்.

பாயும் வடமும் அவ்வாறே கவனிப்பை வேண்டின. ஈரத்தோடு சுருட்டிய பருத்திப்பாய் மக்கிப்போகும். உப்பேறிய கயிறு உராய்வில் அறும். மழையில்லா நாட்களிற் பாயை விரித்து உலர்த்துவதும், கிழிந்ததைத் தைப்பதும், வடங்களைப் புதுப்பிப்பதும் ஓய்வுப் பருவத்தின் அன்றாடத் தொழில்கள். கடலில் ஒரு நொடியில் அறுந்து கலத்தை அழிக்கவல்ல கயிற்றைக் கரையில் ஒரு மாதம் அமர்ந்து ஆராயலாம். பயணத்திற் காட்டும் வீரத்தினும் இவ்வாராய்ச்சியிற் காட்டும் பொறுமையே உயிர்களைக் காத்தது எனில் மிகையாகாது.

இத்தொழிலின் சொற்களும் வரலாறு கூறுவனவே. பாய், பாய்மரம், அணியம், வடம் என்பன தமிழ்ச் சொற்கள். சுக்கான் என்பது அரபுமொழியினின்றும், நங்கூரம் என்பது பாரசீகத்தினின்றும் வந்தன. கலத்தலைவனைக் குறிக்கும் தண்டையல் என்னும் சொல் மேலைக்கரையிலும் தண்டேல் என வழங்குகின்றது. ஒரே பட்டறையில் ஒரே கலத்தின் உறுப்புக்களைச் சுட்ட இத்துணை நாட்டுச் சொற்கள் ஒருங்கு வழங்கியமை, வல்வெட்டித்துறைக் கரை தனித்தொதுங்கிய சிற்றூர்க் கரையன்று, இந்துமாக்கடலின் பொதுக்கல்வியிற் பங்குகொண்ட கரை என்பதனை உணர்த்தும்.

பருவத்திற்கு அடங்கி நடத்தல் பிழைப்புக்காகப் பாயோட்டியவர்க்கு மட்டும் உரியதன்று. இன்பத்திற்காகப் பாயோட்டும் கழகங்களுள் மிகப் பழையதாகக் கருதப்படுவது அயர்லாந்தின் கோர்க் நகரில் 1720ஆம் ஆண்டு தோன்றிய நீர்க்கழகமாகும். ஏப்ரல் மாத முதற் பெருவெள்ளம் தொடங்கிச் செப்டம்பர் மாத இறுதிப் பெருவெள்ளம் வரையே கழகம் கூடுதல் வேண்டும் என்பது அதன் விதி. ஆயினும் இரண்டிற்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. கோர்க் கழகத்தார்க்குக் கலத்தைக் காக்கும் செலவு அவர்தம் பிற வருவாயினின்று வந்தது. வல்வெட்டித்துறையிலோ கலமே வருவாய். அதனைக் காக்கும் செலவும் அக்கலமே ஈட்டியது. சென்ற பருவத்தின் ஊதியம் இவ்வோய்வின் கலப்பற்றுக்கும், இவ்வோய்வின் கலப்பற்று அடுத்த பருவத்தின் ஊதியத்திற்கும் அடிப்படையாயின. இச்சக்கரம் சுழலும்வரை ஊர் செழித்தது. 19ஆம் நூற்றாண்டிற் கப்பலுடைமையாளராகிய திருமேனியார் வேங்கடாசலம்பிள்ளை வல்வெட்டித்துறைச் சிவன்கோயிலை எழுப்பியமை அச்செழிப்பின் நிலைத்த சின்னமாகும்.

அச்சக்கரம் ஆக்கிய திறனுக்கு உலகறிந்த சான்று அன்னபூரணி. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட, 89 அடி நீளமுடைய இவ்விருமரப் பாய்க்கப்பலை வில்லியம் அல்பேட் றொபின்சன் என்னும் அமெரிக்கர் வாங்கி, தம் மனைவியின் பெயரால் 'புளோறன்ஸ் சி. றொபின்சன்' எனப் பெயரிட்டார். இவர் கப்பலறியாத செல்வரல்லர். 1928 முதல் 1931 வரை, 32 அடி நீளமுள்ள சிறுகலத்தில் உலகைச் சுற்றிவந்தவர். அத்தகையவர் இத்துறையின் கலத்தைத் தெரிந்தெடுத்தமையே நமது மேத்திரிமாருக்குக் கிடைத்த நற்சான்றிதழாகும். தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையின் தலைமையில் வல்வெட்டித்துறை மாலுமிகள் செலுத்திய அக்கப்பல், சூயெஸ் வழியாக மத்தியதரைக் கடலையும், பின்னர் அத்திலாந்திக் மாகடலையும் கடந்து, 1938ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறையை அடைந்தது. இப்பயணம் மாலுமிகளின் துணிவுக்கு எடுத்துக்காட்டாகவே போற்றப்படுகின்றது. அது தகும். ஆயினும், கலப்பற்றுப் பிழையான கலத்தில் எத்துணைத் துணிவுடையாரும் அத்திலாந்திக்கைக் கடத்தல் இயலாது. குளொஸ்ரரை அடைந்த புகழிற் கரையிலிருந்து பலகை இடுக்கில் நார் அடித்த பெயரறியாக் கைகளுக்கும் ஒரு பங்கு உண்டு.

இத்துணைத் திறன் பின்னர் ஏன் மறைந்தது? நீராவியும் இயந்திரமும் பாயை வென்றன என்பது பொதுவாகக் கூறப்படும் விடை. அது உண்மையின் ஒரு பகுதியே. வடபகுதிப் புகையிரதப் பாதை 1905ஆம் ஆண்டில் முற்றுப்பெற்றுக் கொழும்புச் சரக்கை ஈர்த்தது. 1914ஆம் ஆண்டிற் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே நீராவிக் கப்பற் சேவை தொடங்கிற்று. இவற்றிற்குப் பின்னரும் பாய்க்கப்பல்கள் ஓடின. அன்னபூரணியின் புகழே அதன் பின்னர் நிகழ்ந்ததுதான். பேரிடி 1942இல் விழுந்தது. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் இரங்கூன் யப்பானியர் கைப்பட, பர்மா வாணிகம் அறுந்தது. 1948க்குப் பின், ஒரே கடலின் இரு கரைகளும் இரு தனிநாடுகளின் எல்லைகளாக, கடவுச்சீட்டும் சுங்கமும் குடிவரவுச் சட்டமும் கோடியக்கரைப் போக்குவரத்தை நெருக்கின.

இந்நிகழ்ச்சிகள் ஒவ்வொன்றும் கடலிலே நிகழ்ந்தன. அவற்றின் விளைவோ கரையிலே தோன்றியது. அடுத்த பருவத்தில் சரக்குக் கிடைக்கும் என்ற நம்பிக்கை தளர்ந்தபோது, கலத்திற்குக் கலப்பற்றுச் செய்யப் பொருள் செலவிடுவார் குறைந்தனர். செப்பஞ்செய்யாத கலம் புழுவுக்கும் வெயிலுக்கும் இரையாயிற்று. வேலை குறைந்த மேத்திரியும் பாய்தைப்போனும் பிறதொழில் நாடினர். அவர்தம் மைந்தர் அத்தொழிலைக் கற்றிலர். அதன்பின் வாணிகம் மீண்டாலும் கலத்தைக் கரையேற்றிப் புதுக்கி நீரில் இறக்கவல்ல கைகள் மீளா. ஒரு கப்பல் மூழ்கினால் மற்றொன்றைக் கட்டலாம். பழுதுபார்க்கும் தலைமுறை ஒன்று விட்டுப்போனால் அவ்விடைவெளியை நிரப்புதல் அரிது.

பாய்க்கப்பற் கட்டுநருட் பெரும்பாலோர் தம் கலையை ஏட்டில் எழுதிவைத்தாரல்லர். பலகையின் வளைவை அவர் கண்ணால் அளந்தனர். இடுக்கின் இறுக்கத்தை உளியின் ஓசையால் அறிந்தனர். சேம்ஸ் ஓர்ணெல் என்னும் அறிஞர் இலங்கையின் மீன்பிடிக் கலங்களையும் கரையோரக் கலங்களையும் பற்றி 1943ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை போன்ற சிலவே வெளியார் கண்கொண்டு பதிந்த சான்றுகளாக எஞ்சியுள்ளன. அவை கலத்தின் வடிவைக் காட்டும். அதனை ஆண்டுதோறும் உயிர்ப்பித்த முறையை முழுதும் காட்டா. அம்முறை முதியோர் நாவிற் சில சொற்களாகவும், பழைய குடும்பங்களின் கணக்கேடுகளாகவும், மூலையிற் கிடக்கும் சில கருவிகளாகவுமே நிற்கத்தகும். வரலாற்று மாணவர் பயணங்களைத் தேடும் ஆர்வத்தோடு இவற்றையும் தேடித் தொகுத்தல் வேண்டும். கப்பலோட்டிய பரம்பரை என்னும் பெருமை, கப்பலைப் பேணிய பரம்பரையின் வரலாறும் எழுதப்படும்போதே நிறைவெய்தும்.