எழுத்துரு இல்லையென்றால் தமிழும் இல்லை!

இன்று கைப்பேசி வாங்கிய அன்றே தமிழில் தட்டச்சு செய்துவிடலாம். அனுப்புகிறவர் எந்தக் கருவி வைத்திருந்தாலும் பெறுகிறவர் படித்துவிடுகிறார். 1990களில் வீட்டுக்குக் கணினி வாங்கிய தமிழர்களுக்கு இது அவ்வளவு சுலபமாக இல்லை. "எந்தத் தமிழ் மென்பொருளைப் போடுவது?" என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் கிடைத்த காலம் அது.

சிக்கல் எங்கே இருந்தது? கணினிக்கு எழுத்து தெரியாது, எண் மட்டுமே தெரியும். ஆங்கிலப் பெரிய 'ஏ' என்றால் 65 என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். தமிழ் 'அ' எந்த எண் என்பதில் அப்படி ஒரு உடன்பாடு நடைமுறையில் இல்லை. அன்றைய எழுத்துருக்களில் இருந்ததோ 256 இடங்கள். அதில் பாதி ஆங்கிலத்துக்குப் போய்விட, மிச்சம் 128 இடங்களில் 247 எழுத்துகளை எப்படி அடைப்பது? ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றியபடி அடைத்தார்கள். சிலர் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை உட்கார வைத்தார்கள்.

இலங்கைத் தமிழர்களிடையே பரவலாக இருந்த பாமினி எழுத்துரு இந்தக் கடைசி வகை. அதில் 'தமிழ்' என்று அடித்தால் கணினி உண்மையில் சேமித்தது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. பாமினி உள்ள கணினியில் அது 'தமிழ்'. இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை! அதனால் கடிதத்தோடு எழுத்துருவையும் சேர்த்து அனுப்ப வேண்டியிருந்தது.

இதைச் சரிசெய்ய முயற்சிகள் நடக்காமல் இல்லை. 1997-ல் சிங்கப்பூரில் தமிழிணைய மாநாடு கூடியது. பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சல் வழியாகவே விவாதித்து 'திஸ்கி' என்ற குறியீட்டை உருவாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டைத் தொடர்ந்து தமிழக அரசு தமிழ்99 விசைப்பலகையையும், டாம், டாப் என்ற இரு குறியீடுகளையும் ஏற்றது. ஒரே தரம் வேண்டும் என்று கிளம்பியதில், தரங்களே மூன்றாகிவிட்டன.

1991-ல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தது. ஆனால் வீட்டுக் கணினிக்கு அது வந்துசேர ஆண்டுகள் பிடித்தன. விண்டோஸில் தமிழ் யூனிகோடு முறையாக வந்தது விண்டோஸ் 2000-ல்தான். பிறகு வந்த எக்ஸ்பியிலும் மொழி அமைப்புகளுக்குள் போய் ஒரு கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். உடனே அது விண்டோஸ் குறுந்தகட்டைக் கேட்கும். குறுந்தகடு கைவசம் இல்லாதவர்கள் அங்கேயே நின்றார்கள். கொம்பும் காலும் தனித்தனியாகக் கிடக்கும் தமிழையே பார்த்தார்கள்.

யூனிகோடுதான் தமிழுக்கு மிகச் சிறந்ததா? இல்லை என்றவர்கள் உண்டு. அதில் 'கி' என்பது ஒரே எழுத்து அல்ல, 'க'வும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு எண்கள். இடம் அதிகம் பிடிக்கும் என்பது அவர்கள் வாதம். அதற்கு மாற்றாக டேஸ்16 உருவானது. 2010 ஜூனில் தமிழக அரசு இரண்டையுமே தரமாக அறிவித்தது. ஆனாலும் மக்களிடம் நின்றது யூனிகோடுதான். காரணம், அது எல்லா இயங்குதளங்களிலும் கூடவே வந்தது. வணிகவியலில் இதை வலைப்பின்னல் விளைவு என்பார்கள். ஒரு பொருளைப் பயன்படுத்துவோர் கூடக் கூட, ஒவ்வொருவருக்கும் அதன் பயன் கூடுகிறது.

இதே பாடத்தில் இன்னொன்றும் உண்டு: மாறுவதற்கான செலவு. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைத் திஸ்கியில் ஏற்றிவந்தது. திஸ்கியின் அட்டவணை வெளிப்படையாக இருந்ததால் பின்னர் அவற்றை யூனிகோடுக்கு மாற்ற முடிந்தது. அட்டவணையை வெளியிடாத மென்பொருளில் எழுதியவர்கள் நிலை வேறு. அந்த எழுத்துரு தொலைந்தால், மாற்றியும் கிடைக்காவிட்டால், மறுபடி உட்கார்ந்து அடிக்க வேண்டியதுதான். மென்பொருளை இலவசமாக வாங்கியிருந்தாலும் விலை பிறகு வந்து சேர்ந்தது.

வீட்டில் பழைய தமிழ்க் கோப்புகள் இருந்தால், எழுத்துரு கையில் இருக்கும்போதே மாற்றி வைத்துவிடுவது நல்லது. புதிதாக எந்தச் செயலியைத் தேர்ந்தெடுத்தாலும் அழகையும் விலையையும் பார்ப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த நிறுவனம் நாளை இல்லாவிட்டாலும், இன்று எழுதியதைத் திறக்க முடியுமா?