தோல் அழகுப் பொருள்கள் (கடலூர் வட்டாரம்)

தோல் அழகுப் பொருள்கள் என்பவை பூசியும் தேய்த்தும் கழுவியும் தோற்றத்தைச் செம்மைப்படுத்தப் பயன்படும் பொடி, எண்ணெய், சோப்பு, களிம்பு முதலியவை. கத்தி வைக்காமல் மருத்துவர் செய்யும் தோல் உரிப்பு, லேசர், ஊசி ஆகியவையும் இக்காலத்தில் இவற்றோடு சேர்த்தே எண்ணப்படுகின்றன. இக்கட்டுரை கடலூர் மாவட்டத்தை, குறிப்பாக நெய்வேலியை ஒட்டிய வடக்குத்துப் பகுதியை, முன்வைத்து எழுதப்பட்டது. பண்ருட்டியிலிருந்து வடலூர் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள வடக்குத்து, 1956-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றிய பின் அதன் நகரியத்தின் வெளிவாசல் போல வளர்ந்தது. இம்மாவட்டத்துக்கு இத்துறையில் இரண்டு வகையில் இடமுண்டு. ஒன்று, இங்குள்ள கடற்கரை மணற்பாங்கில் பயிராகும் வெட்டிவேர். மற்றொன்று, கடலூரில் பிறந்த சாஷே என்னும் சிறு பாக்கெட்.

பழைய நூல்களில்

சங்க இலக்கியம் காட்டும் ஒப்பனைகளில் தொய்யில் முதன்மையானது. சந்தனம், குங்குமம் போன்ற குழம்புகளால் மகளிரின் தோளிலும் மார்பிலும் கொடி வடிவங்கள் எழுதுவது அதன் முறை. தோலின் நிறத்தை மாற்றும் நோக்கம் அதில் இல்லை. நிறத்தின் மேல் வேறொரு நிறத்தால் எழுதுவதே நோக்கம். மாமை நிறத்தைப் புலவர்கள் அழகாகவே பாடினார்கள். பிரிவால் அந்த நிறம் கெட்டுத் தோல் வெளிறுவதை அவர்கள் பசலை என்றார்கள். வெளுப்பு அன்று நோயின் குறி.

சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி நீராடும் பகுதியே தமிழில் அழகுப் பொருள்களின் முறையான முதல் வகைப்பாட்டுக்கு இடம் தந்தது. பத்துத் துவர், ஐந்து விரை, முப்பத்திரண்டு ஓமாலிகை என்று மூன்று தொகுதிகள் அங்கே சொல்லப்படுகின்றன. அவற்றில் அடங்குபவை எவை என்பதை அடியார்க்குநல்லார் தம் உரையில் விரித்துரைக்கிறார்.

துவர் என்பது தோலையும் மயிர்க்காலையும் இறுக்கும் துவர்ப்புப் பொருள். பூவந்தி, கடுக்காய், நெல்லி, தான்றி, கருங்காலி, நாவல் ஆகியவற்றோடு ஆல், அரசு, அத்தி, இத்தி என்ற நான்கு பால்மரங்களும் சேர்ந்து பத்தாகும். பூவந்தி என்பது இன்றும் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் பூந்திக்கொட்டை. அதிலுள்ள சபோனின் நுரைத்து அழுக்கை நீக்கும். கடுக்காயிலும் கருங்காலியிலும் உள்ள டானின் புரதத்தோடு இணைந்து தோலின் மேற்பரப்பை இறுக்கும். இன்று கடைகளில் டோனர் என்று விற்கும் திரவத்தின் வேலையும் ஏறத்தாழ இதுவே.

விரை என்பது மணப்பொருள். கோட்டம், துருக்கம், தகரம், அகில், ஆரம் ஆகியவை ஐந்து விரைகள். கோட்டம் இமயமலைச் சாரலில் விளைவது. அகில் வடகிழக்கு மலைகளிலிருந்தும் கடல் கடந்த நாடுகளிலிருந்தும் வந்தது. பூம்புகார்ப் பெண்ணின் குளியல் நீரில் கலந்த இந்த ஐந்தில் தமிழ் நிலத்தில் தாராளமாக விளைந்தது ஆரமாகிய சந்தனம் ஒன்றே எனலாம். பழைய அழகுப் பொருள்கள் யாவும் கொல்லைப்புறத்தில் பறித்தவை என்ற எண்ணம் பரவலாக உண்டு. இந்தப் பட்டியல் அதற்கு இடம் தரவில்லை.

ஓமாலிகை முப்பத்திரண்டு. இலவங்கம், ஏலம், கச்சோலம், தக்கோலம், நன்னாரி, இலாமிச்சம், கத்தூரி, புழுகு, புன்னைத்தாது, வகுளம் என்று அது நீள்கிறது. இவற்றை ஊறவைத்த நீரால் கூந்தலைக் கழுவினார்கள். எனவே கண்டிப்பாகப் பார்த்தால் இப்பட்டியல் தலைக்கு உரியதே. ஆனால் பின்னாளில் உடலுக்குத் தேய்த்த பொடிகளிலும் இவற்றில் பல இடம்பெற்றதால் இங்கே சேர்க்கப்படுகிறது.

சித்த மருத்துவத்தில் பஞ்சகற்பம் என்ற குளியல் முறை குறிப்பிடத்தக்கது. கஸ்தூரி மஞ்சள், மிளகு, வேப்பம்விதை, கடுக்காய்த்தோல், நெல்லிப்பருப்பு ஆகிய ஐந்தையும் அரைத்துப் பாலில் காய்ச்சித் தலையில் தேய்த்து முழுகுவது அது.

நலங்கு மாவு

திருமணத்துக்கு முன் மணமக்களுக்கு நலங்கு வைக்கும் சடங்கோடு இணைந்த இந்தப் பொடி, தமிழ்நாட்டின் பூச்சுப் பொருள்களில் இன்றும் உயிரோடிருப்பது. பாசிப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, கார்போகரிசி, வெட்டிவேர், ஆவாரம்பூ, காய்ந்த ரோஜா இதழ் ஆகியவற்றை வெயிலில் காயவைத்து, மாவு மில்லில் கொடுத்து அரைத்துச் சலிப்பார்கள். அளவு வீட்டுக்கு வீடு மாறும். பாசிப்பயறு எண்ணெய்ப் பிசுக்கை உறிஞ்சும். மற்றவை மணத்துக்கும் நிறத்துக்கும்.

மஞ்சளில் வேறுபாடு அறிவது அவசியம். சமையலுக்கு விரலி மஞ்சள். பூசுவதற்குக் குண்டு மஞ்சள். முகத்தில் நிறம் பிடிக்காமலிருக்க வேண்டுமென்றால் கஸ்தூரி மஞ்சள். கஸ்தூரி மஞ்சளில் நிறம் தரும் குர்குமின் குறைவு. ஆண் குழந்தைகளுக்கும் இதைத் தயங்காமல் தேய்ப்பதற்குக் காரணம் அதுவே. கடைகளில் அப்பெயரில் மஞ்சள் நிறம் ஏறிய வேறு கிழங்குகளும் விற்கப்படுவதால் முகர்ந்து பார்த்து வாங்குவது வழக்கம். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. புண் ஆற்றும் மஞ்சளின் குணத்துக்கு 1995-இல் அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் காப்புரிமை பெற்றது. இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் பழைய நூல்களைச் சான்றாகக் காட்டி வாதிட்டு, 1997-இல் அதை ரத்துசெய்ய வைத்தது.

கார்போகரிசியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இந்த விதையிலுள்ள சோராலன் தோலை வெயிலுக்கு எளிதில் கருகக்கூடியதாக்கும். அதே குணத்தை வைத்தே வெண்புள்ளி நோய்க்குச் சோராலனும் புற ஊதாக் கதிரும் சேர்ந்த சிகிச்சை உருவானது. ஆகவே மாவில் இதன் அளவு கூடி, சரியாகக் கழுவாமல் வெயிலில் சென்றால் முகம் சிவந்து பின் கறுக்கலாம். இதே விதையிலிருந்து பிரிக்கப்பட்ட பாகுச்சியோல் இப்போது ரெட்டினாலுக்கு மாற்றாக விலையுயர்ந்த சீரங்களில் வருகிறது. 2019-இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழ்க் கட்டுரை, 12 வாரப் பயன்பாட்டில் முகச் சுருக்கத்தைக் குறைப்பதில் இரண்டும் ஒத்த பலன் தந்ததாகவும், பாகுச்சியோலில் எரிச்சல் குறைவென்றும் கண்டது. ஆய்வில் பங்கேற்றவர்கள் 44 பேர்தான். நாட்டு மருந்துக் கடையில் பொட்டலமாக மடித்துத் தரும் விதை அது.

சோப்பு, ஸ்னோ, பவுடர்

மைசூர் சந்தன சோப்பு 1916-இலும், பம்பாயின் ஆப்கன் ஸ்னோ 1919-இலும் வந்தன. தமிழ்நாட்டுக் குளியலறையை நெடுங்காலம் ஆண்டது ஹமாம். சென்னையில் ரயில்வே மருத்துவராக இருந்த வி. பி. சித்தன் 1969-இல் 18 மூலிகைகளோடு தொடங்கிய மெடிமிக்ஸ், மருந்துக்கும் சோப்புக்கும் நடுவில் ஓரிடம் பிடித்தது. ஸ்னோ பூசி அதன்மேல் பவுடர் அடிப்பதே பல ஆண்டுகள் முழு ஒப்பனை.

கடலூரும் சாஷேயும்

அழகுப் பொருளைப் புட்டியிலிருந்து விடுவித்தவர் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன். பணக்காரர் வாங்குவதைக் கூலி வேலை செய்பவரும் வாங்க வேண்டும் என்று எண்ணி, 1970-களில் அவர் பொடி, திரவம் முதலியவற்றைச் சிறு பிளாஸ்டிக் உறைகளில் அடைத்துப் பார்த்தார். அவர் குடும்பத்திலிருந்து வெல்வெட் ஷாம்பு வந்தது. மகன்களுள் ஒருவரான சி. கே. ரங்கநாதன் 1983-இல் பிரிந்து சென்று, 15,000 ரூபாய் முதலில் சிக் இந்தியாவைத் தொடங்கினார். தந்தையின் பெயரிலிருந்தே சிக் என்ற பெயர் அமைந்தது. காலி பாக்கெட்டுகளைக் கொடுத்தால் ஒரு புதுப் பாக்கெட் இலவசம் என்ற திட்டம் கிராமத்துப் பெட்டிக்கடைகளில் சிக் ஷாம்புவைப் பரப்பியது. மல்லிகை, ரோஜா மணங்கள் பின்னர் சேர்ந்தன. நிறுவனம் 1990-இல் பியூட்டி காஸ்மெட்டிக்ஸ் எனவும் 1998-இல் கெவின்கேர் எனவும் பெயர் மாறியது.

பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கும் பாக்கெட்டை அன்றன்றைய கூலியில் ஒன்று கிழித்து வாங்கலாம் என்றான பிறகு ஷாம்பு, களிம்பு, பவுடர் எல்லாம் தீபாவளிச் சாமான் என்ற நிலையிலிருந்து வாரச் சாமானாயின. இன்று எல்லாப் பெரு நிறுவனங்களும் பின்பற்றும் வழி இதுவே. அந்த உறைகள் சாக்கடையை அடைப்பது வேறு கதை.

சிவப்பழகுக் களிம்பு

இந்துஸ்தான் லீவர் 1975-இல் ஃபேர் அண்ட் லவ்லியை அறிமுகம் செய்தது. கெவின்கேர் 1998-இல் குங்குமப்பூவையும் பாலையும் சொல்லி ஃபேரெவரைக் கொண்டுவந்தது. ஆண்களுக்கென எமாமியின் களிம்பு 2005-இல் வந்தது. இவ்வகைக் களிம்புகளில் முக்கிய வேதிப்பொருள் நியாசினமைடு. மெலனின் துகள்கள் அவற்றை உண்டாக்கும் உயிரணுவிலிருந்து மேல்தோலுக்குக் கடத்தப்படுவதை அது ஓரளவு தடுக்கும். கறுத்தவருக்கும் வெளுத்தவருக்கும் மெலனின் உண்டாக்கும் உயிரணுக்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றே. துகளின் பருமன், அது சிதையும் வேகம் முதலியவைதான் வேறு. ஆகவே பிறவி நிறம் களிம்பால் மாறாது. வெயிலில் கறுத்தது சற்றுத் தெளியும், அவ்வளவே.

வேலை கிடைக்காத பெண் களிம்பு பூசியதும் வேலையும் மாப்பிள்ளையும் பெறும் விளம்பரங்கள் இரண்டு தலைமுறையின் மனத்தைக் கெடுத்தன. சென்னையின் விமன் ஆஃப் வொர்த் அமைப்பு 2009-இல் இதற்கெதிராக ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ இயக்கத்தைத் தொடங்கியது. விளம்பரத் தர மன்றம் 2014-இல் விதிகள் வகுத்தது. 2020-இல் ஃபேர் அண்ட் லவ்லி, குளோ அண்ட் லவ்லி ஆனது. குழாயின் நிறம் மாறவில்லை.

தீங்குகள்

பெயரில்லாத வெளுப்புக் களிம்புகளில் பாதரசம் கலப்பது பெருந்தீங்கு. நிறமி உண்டாவதைத் தடுக்கும் பாதரசம் சிறுநீரகத்தையும் கெடுக்கும். கேரளத்தின் மலப்புரம் பகுதியில் இத்தகைய களிம்பு பூசியவர்களுக்குச் சிறுநீரக நோய் வந்தது 2023-இல் வெளிச்சமாயிற்று. இந்திய அழகுப் பொருள் விதிகள் 2020, கண்பகுதிக்கானவை தவிர்த்த பொருள்களில் தற்செயலாகச் சேரும் பாதரசமும் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கின்றன.

அடுத்தது ஸ்டீராய்டு களிம்பு. படர்தாமரைக்கு வாங்கியதை முகத்துக்கும் பூசினால் சில நாளில் பளிச்சென்று தெரியும். மாதங்கள் சென்றால் தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் தெரிந்து, முகப்பரு கிளம்பும், நிறுத்தினால் எரியும். 14 வகை ஸ்டீராய்டுப் பூச்சுகளுக்கு மருத்துவர் சீட்டு கட்டாயம் என 2018-இல் மத்திய அரசு அறிவித்தது. கடையில் பெயர் சொல்லி வாங்கும் பழக்கம் அதனால் நின்றுவிடவில்லை. ஸ்டிக்கர் பொட்டின் பசையிலுள்ள சில வேதிப்பொருள்களால் நெற்றியில் வெண்புள்ளி விழுவதும் உண்டு.

தோல் கெடுவது அழகுப் பொருளால் மட்டும் அன்று. பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் பெண்களின் விரல்களை முந்திரித் தோட்டு எண்ணெய் அரித்துக் கறுப்பாக்குகிறது. அழகுப் பொருள் விளம்பரங்களில் இதுவரை இடம்பெறாத தோல் அது.

இன்றைய நிலை

பியூட்டி பார்லர்களில் திரெட்டிங், பிளீச், ஃபேஷியல் ஆகியவையும், தோல் மருத்துவரிடம் கிளைகாலிக் அமிலத் தோல் உரிப்பு, முடி நீக்கும் லேசர், போட்டுலினம் ஊசி, ஃபில்லர் ஆகியவையும் வழக்கத்தில் உள்ளன. போட்டுலினம் ஊசி, தசையைச் சுருங்கச் செய்யும் நரம்புச் சைகையை நிறுத்திச் சுருக்கத்தை மூன்று நான்கு மாதம் மறைக்கும். புருவங்களுக்கு இடையே விழும் சுருக்கத்துக்கு அது அமெரிக்காவில் 2002-இல் அனுமதி பெற்றது. மாநிறத் தோலில் லேசரும் அமிலமும் அளவு மீறினால் பின்னர் கருந்தழும்பு படியும். நிறம் வெளுக்கப் போடும் குளூட்டாதயோன் ஊசிக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டகம் ஒப்புதல் தரவில்லை. வடக்குத்துப் பகுதியினர் சிக்கலான தோல் நோய்களுக்குப் புதுச்சேரி ஜிப்மர், முன்பு ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக இருந்த சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி போன்ற மருத்துவமனைகளை நாடலாம். சன்ஸ்கிரீன் வெயிலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும், வியர்த்தால் அதற்கு முன்பும் மீண்டும் பூசப்பட வேண்டும்.