கோடைத் தோட்டமும் கொடிய யுத்தமும்



நமக்கு மழை எப்படியோ, குளிர்நாட்டு மக்களுக்கு வெயில் அப்படி. ஆண்டிற் பாதியை இலையுதிர்ந்த மரங்களையும் மூடுபனியையும் பார்த்தே கழித்த ஆங்கிலேயர், சூன் மாதம் பிறந்ததும் தத்தம் வீட்டின் பின்புறத்துத் தோட்டத்திலே குடியேறிவிடுவர் எனலாம். ரோசாச் செடிகள், ஒழுங்காக வெட்டிய புற்றரை, குருவிகள் நீராடுதற்கு வைத்த கற்றொட்டி, வீட்டுக்காரர் தங்கையாலேயே கல்லடுக்கி அமைத்த சிறு பாறைப் பாத்தி, இவையே அத்தோட்டத்தின் அணிகலன்கள். எளிய தொழிலாளியும் இதிற் பெருமை கொள்வான். இரண்டாம் உலக மகாயுத்தக் காலத்தில், 1940 முதல் 1945 வரை ஆறு கோடைகளில், இத்தோட்டங்கள் எவ்வாறு உருமாறின என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

பிரித்தானியா ஒரு தீவு. யுத்தத்துக்கு முன்னர் அந்நாட்டு மக்கள் உண்ட உணவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கடல்கடந்து வந்தது. கோதுமை, இறைச்சி, சீனி, பழம் யாவும் கப்பலை நம்பியிருந்தன. 1939 செப்ரெம்பர் 3 ஆந் திகதி யுத்தம் மூண்டது. ஜேர்மனியின் நீர்மூழ்கிகள் கப்பல்களை வேட்டையாடத் தொடங்கின. பகைவன் குண்டு போட்டு மட்டுமன்றிப் பட்டினி போட்டும் வெல்லலாம் என்பதை அரசாங்கம் உணர்ந்தது. அடுத்த மாதமே விவசாய மந்திரி சேர் ரெஜினால்ட் டோர்மன் சிமித், மேலும் ஐந்து இலட்சம் துண்டு நிலங்களிற் பயிர் செய்யப்படல் வேண்டும் என்று மக்களை வேண்டினார். ‘வெற்றிக்காகத் தோண்டுங்கள்’ என்பது நாடெங்கும் முழங்கிய சுலோகமாயிற்று.

துண்டு நிலம் என்றது யாதெனில், வீட்டோடு நிலமில்லாதார்க்கு ஊராட்சி மன்றங்கள் சிறு வாடகைக்கு விட்ட காணியாகும். அதன் வழக்கமான அளவு நீளம் 90 அடி, அகலம் 30 அடி. 1939 இல் இத்தகைய நிலங்கள் ஏறக்குறைய 8,15,000 இருந்தன. 1943 இல் அவை ஏறக்குறைய 14,00,000 ஆகப் பெருகின. அரசர்க்கும் அரசியர்க்கும் சிறையாயிருந்த இலண்டன் கோபுரக் கோட்டையின் வறண்ட அகழியிலும் மரக்கறி விளைந்தது. சீமான்கள் குதிரையேறி உலாவிய ஹைட் பூங்காவிலும் மண்வெட்டி ஓசை கேட்டது. குண்டு விழுந்து வீடிழந்த வெளிகளிற் செங்கல்லை அகற்றி மக்கள் பாத்தி கட்டினர்.

வெங்காயத்தின் கதையொன்றே அக்காலத்து நெருக்கடியை விளக்கப் போதுமானது. ஆங்கிலேயரின் அடுக்களைக்கு வெங்காயம் பெரும்பாலும் பிரான்சின் பிறிற்றனிப் பகுதியிலிருந்தும், கால்வாய்த் தீவுகளிலிருந்தும் வந்தது. 1940 சூன் மாதத்தில் பிரான்சு வீழ்ந்தது. சில நாளிற் கால்வாய்த் தீவுகளும் பகைவர் வசமாயின. வெங்காயம் கடைகளை விட்டு மறைந்தது. ஒற்றை வெங்காயத்தைப் பரிசாக வைத்துச் சீட்டுக் குலுக்கிய காலமும் வந்தது! வெங்காயமில்லாத கறியை எண்ணிப் பார்க்கும் நம் இல்லத்தரசியர், அடுத்த கோடையில் அந்நாட்டவர் ரோசாப் பாத்தியிலே வெங்காய நாற்று நட்டதைக் குறை கூறமாட்டார்கள்.

யுத்தக் காலத் தோட்டத்திற் புதியதோர் அமைப்பும் தோன்றியது. விமானக் குண்டுவீச்சிலிருந்து தப்புதற்கு, நெளிவுத் தகடுகளாலான ‘அண்டர்சன்’ பதுங்கிடங்களை 1939 பெப்ரவரி முதல் அரசாங்கம் வழங்கிற்று. ஆண்டு வருமானம் 250 பவுணுக்குக் குறைந்தோர்க்கு இவை இலவசம். குடும்பத்தார் தாமே தோட்டத்தில் 4 அடி ஆழக் குழி தோண்டி, வளைந்த தகடுகளை நிறுத்தி, மேலே 15 அங்குலத்துக்குக் குறையாமல் மண் மூடல் வேண்டும். மழை பெய்தால் உள்ளே நீர் தேங்கும். குளிரோ சொல்லுந் தரமன்று. ஆயினும், அந்த மண்மேட்டையும் மக்கள் வீணாக்கவில்லை. கூரையின்மேற் பூசணியினக் கொடிகளைப் படரவிட்டனர். சலாதுக் கீரை விதைத்தனர். உள்ளே நடுங்கும் குழந்தைகள், மேலே பூக்கும் கொடி, அதற்கு மேலே பகைவிமானம்: அக்கோடைகளின் உண்மைத் தோற்றம் இதுவே.

பணங் கொடுத்து வாங்கப் பொருளில்லாமையாற் கைவேலை வளர்ந்தது. பழைய யன்னற் சட்டங்கள் இளநாற்றுகளைக் குளிரிலிருந்து காக்கும் கண்ணாடிப் பெட்டிகளாயின. காய்கறித் தோலும் உதிர்ந்த இலையும் கூட்டெருவாயின. பொழுதும் அவர்களுக்கு உதவிற்று. 1941 மே மாதத்திற் கடிகாரங்களைச் சூரிய நேரத்துக்கு இரண்டு மணித்தியாலம் முந்தவைத்தனர். சூன் மாதத்தில் இலண்டனிற் சூரியன் மறைவது இரவு 10 மணிக்குப் பின்னரே. தொழிற்சாலை வேலை முடிந்து வந்தோரும் வெளிச்சத்திலே களை பிடுங்க முடிந்தது. ஆடவர் பலர் போர்முனையில் இருந்தமையால், அவ்வேலையிற் பெரும்பங்கு பெண்களையும் முதியோரையும் சிறுவரையுமே சார்ந்தது.

பட்டணத்தாரிற் பலர் அதுவரை மண்வெட்டி பிடித்தறியாதவர். அவர்களுக்கு ஆசானாய் விளங்கியது வானொலி. தோட்டக்காரர் ஒருவரின் மகனாக 1886 இற் பிறந்த சிசில் ஹென்றி மிடில்டன், 1931 முதல் பி. பி. சி. யிலே தோட்டக்கலை பற்றிப் பேசிவந்தார். ஞாயிறு நண்பகல் உணவுக்குப் பின்னர், வேலிக்கு அப்பால் நின்று அயலவரோடு அளவளாவுவது போன்றிருக்கும் அவர் பேச்சு. யுத்தக் காலத்தில் ஏறக்குறைய 35 இலட்சம் மக்கள் அதனைக் கேட்டனர். எந்த வாரம் எதை நடுவது, புழுவை எவ்வாறு ஒழிப்பது என்று அவர் எளிய மொழியிற் கூறினார். பூக்களை உயிராக நேசித்த அவர், பூச்செடியைப் பிடுங்கி உருளைக்கிழங்கு நடுமாறு சொல்ல வேண்டியவரானார். அதை அவர் மறைக்கவில்லை. உழைப்பு மிகுந்தால் ரோசாக்கள் விரைவில் திரும்பும் என்றே ஆறுதல் கூறினார். அவருடைய யுத்தக் காலப் பேச்சுக்கள் 1942 இல் நூலுருவமும் பெற்றன.

இம்முயற்சி இடையூறின்றி நடந்ததென்று எண்ணலாகாது. புதிதாகப் பயிர் செய்வோர் யாவரும் ஒரே காலத்தில் ஒரே பயிரை நட்டனர். கோடையிற் சலாதும் கோவாவும் உண்ண ஆளின்றிக் குவிந்தன. பனிக்காலத்திற் பாத்தி வெறுமையாய்க் கிடந்தது. ஆகவே, ஆண்டு முழுவதும் விளைவு கிடைக்குமாறு பயிர்களை மாற்றி நடும் திட்டங்களை அரசாங்கம் துண்டுப் பிரசுரங்களாக அச்சிட்டு வழங்கியது. வெண்ணெயும் சீனியும் 1940 சனவரி முதற் பங்கீட்டில் அடங்கின. யுத்தம் முடியும் வரை மரக்கறிகள் பங்கீட்டுக்கு உட்படாமைக்கு வீட்டுத் தோட்டங்களும் ஒரு காரணம் எனலாம்.

இவ்வரலாறு நமக்கும் அயலானதன்று. அந்த டோர்மன் சிமித் 1941 இற் பர்மாவின் ஆள்பதியானார். 1942 இற் பர்மா யப்பானியரிடம் வீழ்ந்தபோது, அங்கிருந்து இலங்கைக்கு வந்த அரிசியும் நின்றது. நம் முன்னோரும் பங்கீட்டுப் புத்தகத்தோடு வரிசையில் நின்றனர். முற்றத்திலும் வேலியோரத்திலும் மரவள்ளி ஊன்றினர். கடல் சூழ்ந்த நாட்டுக்குக் கடலே அரணும் ஆகும், கண்ணியும் ஆகும் என்பதை இரு தீவாரும் ஒரே காலத்தில் அறிந்தனர்.

மிடில்டன் 1945 செப்ரெம்பரில், யுத்தம் முடிந்த சில வாரங்களிற் காலமானார். ரோசாக்கள் மீளும் என்று கூறியவர், அமைதிக் காலத்தின் முதற் கோடையைக் காணவில்லை. பங்கீடு முற்றாக நீங்கியது 1954 இலேதான். படிப்படியாகப் புற்றரைகளும் பூம்பாத்திகளும் திரும்பின. பதுங்கிடத் தகடுகளைப் பலர் எறிந்துவிடவில்லை. நிலத்திலிருந்து பெயர்த்தெடுத்து, மண்வெட்டியும் பூவாளியும் வைக்கும் கொட்டில்களாக நிறுத்திக்கொண்டனர். உயிர் காக்க வழங்கிய தகடு ஈற்றில் மண்வெட்டிக்கு வீடாயிற்று.