இருசமயக் குழந்தை வளர்ப்பு (யூதம் - கிறித்தவம்)

பெற்றோரில் ஒருவர் யூதராகவும் மற்றவர் கிறித்தவராகவும் இருக்கும் குடும்பத்தில், குழந்தையை இரு சமய மரபுகளிலும் வளர்க்கும் முறை. கலப்பு மணங்கள் மிகுந்த அமெரிக்காவில் இது பெரிதும் காணப்படுகிறது. பியூ ஆய்வு மையத்தின் 2020ஆம் ஆண்டு ஆய்வின்படி, 2010க்குப் பின் மணந்த அமெரிக்க யூதர்களில் 61 விழுக்காட்டினரின் துணைவர் யூதரல்லர்.

மரபுவழி யூதச் சட்டம் தாயைக் கொண்டே குழந்தை யூதரா என முடிவு செய்கிறது. அமெரிக்கச் சீர்திருத்த யூத ரபிகள் (சமய குருமார்) 1983இல், தந்தை மட்டும் யூதராக இருப்பினும், யூத அடையாளத்துடன் வளரும் குழந்தையை ஏற்றனர். கலப்பு மணம் புரியும் கத்தோலிக்கர், பிள்ளைகளுக்குத் திருமுழுக்கு அளித்துத் தம் சமயத்தில் வளர்க்க இயன்றதைச் செய்வதாக வாக்களிக்க வேண்டும். எனவே முதல் சிக்கல் பிறப்புச் சடங்கிலேயே எழுகிறது: ஆண் குழந்தைக்கு எட்டாம் நாள் விருத்தசேதனமா, திருமுழுக்கா, இரண்டுமா?

இளங்குழந்தைகள் சமயத்தைப் பெரும்பாலும் விழாக்கள் வழியே அறிகின்றனர். ஹனுக்கா என்னும் யூத விழாவின் விளக்கும் கிறிஸ்துமஸ் மரமும், யூதரின் பாஸ்கா விருந்தும் ஈஸ்டரும் ஒரே வீட்டில் இடம்பெறுகின்றன. கொள்கை வேறுபாடு பின்னரே முன்வருகிறது: இயேசுவை மெசியாவாகக் கிறித்தவம் ஏற்கிறது, யூதம் ஏற்பதில்லை.

இம்முறை குழந்தையைக் குழப்பும் என்பது எதிர்ப்பாளர் வாதம். இருமரபு அறிவு பரந்த பார்வை தரும் என்பது ஆதரவாளர் கருத்து. சூசன் கேட்ஸ் மில்லரின் ‘பீயிங் போத்’ (2013) இம்முறையை ஆதரிக்கும் நூல். நியூயார்க், வாஷிங்டன், சிகாகோ பகுதிகளில் இரு சமயங்களையும் சேர்த்துக் கற்பிக்கும் குடும்பக் குழுக்கள் இயங்குகின்றன.